தாத்தாவின் திதி நோட்டு: மார்கழி, தை, மாசியில் ஏன் இத்தனை சாவு?

தேக்காவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்குக் கோயிலில் கொடுக்க முன்னோர் பெயர்ப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அவருடைய அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தது. மளிகைக் கடைப் பேரேடு மாதிரி நீளம், துணி ஒட்டிய அட்டை, உள்ளே ஒவ்வொரு வரியிலும் பெயர், உறவு, வருடம், மாதம், பட்சம், திதி. வேறு ஒன்றும் கிடையாது. எதனால் இறந்தார், எத்தனை வயது, எதுவும் இல்லை. ஊர் மாயவரம் பக்கம்.

வருடமாவருடம் அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை மகன் எக்செல்லில் போட்டுத் தருகிறேன் என்று மாதவாரியாக அடுக்கிக் காட்டினான். மொத்தம் 31 பேர். அதில் 17 பேர் மார்கழி, தை, மாசி மூன்றே மாதத்தில். சித்திரையில் இரண்டு பேர், ஆனியில் யாருமே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடமாகக் கையில் வைத்திருந்தும் ஒருநாளும் கவனிக்கவில்லை.

இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பருவம் என்றால் டிசம்பர் மழை, வருட நடுவில் டெங்கி எச்சரிக்கைப் பலகை, அவ்வளவுதான். ஆலை, மின்சாரம், ஊசி மருந்து எல்லாம் வருவதற்கு முந்திய காலத்தில் வெயிலும் மழையும் குளிரும் ஆட்களை இப்படி மாதம் பார்த்துக் கொண்டுபோனதா? மகன் 'பசியாக இருக்கும்மா' என்கிறான். இல்லை இது வெறும் தற்செயலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும் எழுத்தும்:

அக்கா, முதலில் தற்செயலா என்ற கேள்விக்கு. மூன்று மாதம் என்பது வருடத்தில் கால் பங்கு. 31 பேரில் எட்டுப் பேர் வந்தால் சாதாரணம், பத்துப் பதினொன்று வந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். 17 அப்படித் தானாக வந்து விழுகிற எண் இல்லை. ஆனால் ஒன்று, ஒரே கொள்ளைநோயில் வீட்டில் நாலு பேர் போயிருந்தால் அந்த நாலும் சேர்ந்து கணக்கைத் தூக்கிவிடும். அதனால் அந்த 17 பேரும் எத்தனை வருடங்களில் பரவியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் உறவுமுறையை வைத்துத்தான் எந்தச் சுற்று என்று பிரிக்க முடியும்.

அடுத்தது, நீங்கள் பார்த்தது உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. பழைய காலத்துச் சாவுக்கு எல்லா நாட்டிலும் ஒரு மாதக் கணக்கு இருந்திருக்கிறது. இதை நன்றாக ஆராய்ந்தது இங்கிலாந்தில்தான், ஏனென்றால் அங்கே 1538 முதல் ஒவ்வோர் ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும் என்று சட்டம். உங்கள் திதி நோட்டு மாதிரிதான், ஊருக்கே பொதுவாக. 404 தேவாலயங்களின் பதிவேடுகளைக் கூட்டி ரிக்லி, ஸ்கோஃபீல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1541 முதல் 1871 வரை அந்த நாட்டின் பிறப்பு இறப்பைத் திரும்பக் கட்டினார்கள். 1659 முதல் மத்திய இங்கிலாந்தின் மாதாந்திர வெப்பநிலையும் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும் என்று ரொனால்ட் லீ என்ற மக்கள்தொகை ஆய்வாளர் கணக்குப் போட்டார்.

அங்கே அடக்கம் அதிகம் நடந்தது மார்ச், ஏப்ரலில். குறைவு ஜூலையில். குளிர்காலம் ஒரு டிகிரி சூடாக இருந்தால் அந்த வருடச் சாவு சுமார் 2 சதவீதம் குறைந்தது. கோடை ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் சுமார் 4 சதவீதம் குறைந்தது. அதாவது கடுங்குளிரும் கொன்றது, கடும் வெயிலும் கொன்றது, வெயில் கொஞ்சம் கூடுதலாகவே கொன்றது. குளிரின் வேலை உடனே தெரிந்துவிடும், அந்த மாதமே, அல்லது அடுத்த மாதம். வெயிலின் வேலை ஒன்றிரண்டு மாதம் தள்ளித் தெரியும். காரணம், குளிர் நெஞ்சைப் பிடித்தது, அதில் போனவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வெயில் குடலைப் பிடித்தது, ஈ, கெட்ட தண்ணீர், கெட்டுப்போன உணவு, வயிற்றுப்போக்கு. அதில் போனது குழந்தைகள்.

குழந்தை விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வெயில் ஒரே வெயில்தான், ஆனால் தாய்ப்பால் கொடுத்த ஊரில் கோடையில் குழந்தைகள் தப்பித்தன. ஜெர்மனியில் பவேரியா பகுதியில் தாய்ப்பால் கொடுக்காமல் மாவுக்கூழ் ஊட்டி வளர்க்கும் வழக்கம் வேரூன்றி இருந்தது, அங்கே பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்று முதல் பிறந்தநாள் பார்க்கவில்லை. வானிலை எதையும் நேராகச் செய்வதில்லை, நடுவில் ஒரு கை இருக்கும். அந்தக் கை எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் நோட்டுக்கும் வேலை.

குளிரிலும் அதே கதைதான். இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே மிக அதிகமாக இறந்தன, கோடையில் பிறந்தவை பெரும்பாலும் அந்த மாதத்தைத் தாண்டின. பிறந்த ஓரிரு நாளில் பச்சைக் குழந்தையைப் பனியில் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்குப் போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதைவிடக் குளிரான நாடுகளில் வீட்டைச் சூடாக வைக்கத் தெரிந்திருந்தது.

இரவுப்பணி:

நான் தாதி (நர்ஸ்), இருபது வருடத்துக்கு மேல். வரலாறு படித்தவள் இல்லை, ஆனால் மார்கழி, தை, மாசி, மாயவரம் என்று பார்த்ததுமே எனக்கு மனதில் வந்தது வாந்திபேதி. எங்கள் அப்பாயி ஊரும் அந்தப் பக்கம்தான், கும்பகோணத்துக்குக் கிழக்கே. 'காலரா' என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை, 'பேதி கண்டு போச்சு' என்பார். அந்தக் காலத்துச் சென்னை மாகாணப் பதிவுகளைப் பார்த்தவர்கள் காலராவுக்கு வருடத்தில் இரண்டு உச்சம் சொல்கிறார்கள். ஒன்று தென்மேற்குப் பருவமழையின்போது, இன்னொன்று வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு. இரண்டாவதுதான் பெரியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஓய்ந்த பிறகு மார்கழியிலிருந்து மாசி வரை. உங்கள் நோட்டு அப்படியே பொருந்துகிறது.

'பசியாக இருக்கும்' என்று தம்பி சொன்னதற்கு: தை என்ன மாதம்? சம்பா அறுவடை. குதிரில் நெல் நிறைந்திருக்கிற மாதம் அதுதான். பசிதான் காரணம் என்றால் கையிருப்பு தீர்ந்து அடுத்த விளைச்சல் வராத ஆடி, ஆவணி, புரட்டாசியில்தான் கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும். நெல் இருந்தும் ஆள் போயிருக்கிறது என்றால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

மழையின்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நின்ற பிறகு ஓட்டம் குறைந்து குளத்திலும் குட்டையிலும் தேங்கும். அதே படித்துறையில் துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, அங்கேயே குடம் மொள்வது. ஒரு வீட்டில் நோய் வந்து அந்தத் துணியை அந்தப் படித்துறையில் அலசினால் போதும். அப்புறம் தை, மாசி என்றால் திருவிழாக் காலம். தைப்பூசம், மாசிமகம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குளத்தில் முழுகிவிட்டு அவரவர் ஊருக்கு நடந்து திரும்புவார்கள். நோயும் கூடவே போகும்.

அது எப்படிக் கொல்லும் என்று நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கடுமையான வயிற்றுப்போக்கில் வந்த ஒருவரின் கையைப் பிடித்தால் தோல் கிள்ளிய இடத்தில் அப்படியே மடிந்து நிற்கும், திரும்பப் படியாது. கண் உள்ளே போய்விடும், விரல் நுனியெல்லாம் நீரில் ஊறியது மாதிரி சுருங்கும், நாடி கிடைக்காது. காலையில் வயலுக்குப் போனவர் ராத்திரிக்குள் முடிந்துவிடலாம். இன்றைக்கு உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைத் தொடர்ந்து கொடுத்தாலே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம். அந்தக் காலத்தில் பல ஊர்களில் பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள், வெள்ளைக்கார மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. தாகம் தாகம் என்று கேட்டே போயிருப்பார்கள்.

பெரியம்மைக்கு வேறு கணக்கு. அது காய்ந்த மாதங்களின் நோய், மாசி, பங்குனி, சித்திரை. ஈரம் குறைந்த காற்றில் அந்தக் கிருமி நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். வங்காளத்தில் அதற்கு வசந்த நோய் என்றே பெயர். உங்கள் 17 பேரில் மாசி கடைசியில் இறந்தவர் யாராவது இருந்தால் அது அம்மையாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல வழியில்லை.

இன்னொன்று. மார்கழி 'பீடை மாதம்' என்று சொல்வதை இதோடு சேர்த்து யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அது 'பீடுடைய மாதம்' திரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோய்க்கும் அந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

தேக்காவாசி:

இரவுப்பணி, தை அறுவடை மாதம் என்று நீங்கள் சொன்னதை மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நன்றி.

ஒரு சந்தேகம். ஒரே நோய் எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில்தான் வருமா? ஐரோப்பாவில் மார்ச், ஏப்ரல் என்றார்கள், நமக்கு தை, மாசி. கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிகிறதே.

எண்ணும் எழுத்தும்:

இல்லை அக்கா, அது தற்செயல். அங்கே அந்த உச்சம் குளிரின் மிச்சம், இங்கே மழையின் மிச்சம். மாதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்குப் பிளேக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1665-ல் லண்டனில் பிளேக் உச்சத்தில் இருந்தது செப்டம்பரில், அந்த மாத நடுவில் ஒரே வாரத்தில் 7,000 பேருக்கு மேல் பிளேக்கில் இறந்ததாக அந்த ஊர் வாராந்திரச் சாவுப் பட்டியல் சொல்கிறது. குளிர் வந்ததும் அடங்கியது. பம்பாயில் 1896-ல் வந்த பிளேக் நேர்மாறாக அடுத்த ஆண்டு பிப்ரவரி வாக்கில் உச்சத்துக்குப் போய், கோடையில் அடங்கியது. கிருமி ஒன்றுதான். ஆனால் அதைச் சுமக்கிற தெள்ளுப்பூச்சிக்குக் கடுங்குளிரும் ஆகாது, சூடான காய்ந்த காற்றும் ஆகாது. லண்டனின் செப்டம்பரும் பம்பாயின் பிப்ரவரியும் அந்தப் பூச்சிக்கு ஒரே மாதிரி இதமான காலம். காலண்டரில்தான் வேறு வேறு.

சேலத்துப் பேரன்:

பசி இல்லை, தண்ணீர்தான் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் காவிரிக் கழனிக்கு அது சரி. நாங்கள் ஆத்தூர்ப் பக்கம், மானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டில் திதி நோட்டெல்லாம் கிடையாது, ஆனால் 'தாது வருசத்துல' என்று ஒரு பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இங்கே அங் மோ கியோவில் வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீட்டில், ஊரையே பார்க்காத என் அத்தைகூட 'தாது வருசப் பசி' என்றுதான் சொல்வார், யாராவது சாப்பாட்டை அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால்.

அந்தத் தாது வருடமான 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோ (கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் குலைக்கும் நிலை) உருவான காலம் அது, இந்தியா மட்டுமில்லை, சீனாவிலும் பிரேசிலிலும் அதே சமயத்தில் வறட்சி. சேலம், கோயம்புத்தூர், மதுரை, வட ஆற்காடு, அதற்கும் மேலே பெல்லாரி, கடப்பை, கர்னூல் எல்லாம் காய்ந்தது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் வந்த பஞ்ச ஆணையமே கணக்குச் சொன்னது. ஊரை விட்டு ஓடியவர்கள் இலங்கைத் தோட்டத்துக்குப் போனார்கள், பினாங்குக்கு வந்தார்கள், இந்தப் பக்கமும் வந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அப்படி வந்தவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள், எழுத்தில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் படித்தவரைக்கும் அதிலும் வெறும் வயிற்றோடு செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். கஞ்சித்தொட்டியிலும் நிவாரண வேலை முகாமிலும் கூட்டம் கூட்டமாகத் தங்க வைத்தார்கள், வற்றிப்போன கிணற்றின் அடிச்சேற்றுத் தண்ணீர்தான் கிடைத்தது, 1877 தொடக்கத்தில் காலரா புகுந்தது. அப்புறம் ஒருவழியாக மழை வந்தது. எல்லாரும் வாழ்வு வந்தது என்று நினைத்திருப்பார்கள். பள்ளம் மேடெல்லாம் தண்ணீர் தேங்கி கொசு பெருகி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. வறட்சியில் தாக்குப்பிடித்தவர்களை மழை கொண்டுபோனது. வறட்சிக்குப் பின் வரும் நல்ல மழையில் மலேரியா இப்படிப் பாய்வது இந்தியாவில் பல பஞ்சங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இதில் வானிலையின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் பேசினால் எனக்குக் கோபம் வரும். நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட ஆங்கிலேய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு, நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு. சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் இது உயிரைக் காக்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார், பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். அதே நேரத்தில் தானியம் கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்தது இயற்கை. அந்தக் கூலியும் இயற்கையா?

பழஞ்சுவடி:

சேலத்துப் பேரன் அண்ணன் சொன்னதோடு எனக்குப் பெரிதாக முரண்பாடு இல்லை, ஆனால் இதை ஐரோப்பாவின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே ஒரே குளிர் இரண்டு பக்கத்து நாடுகளில் விழுந்து இரண்டு விதமாக முடிந்திருக்கிறது.

1739 டிசம்பர் கடைசியில் அயர்லாந்தில் உறைபனி பிடித்தது. ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு, அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வயலிலேயே மண்ணுக்கடியில், இல்லையென்றால் ஆழமில்லாத குழியில் விட்டுவைத்துத் தேவைப்படும்போது தோண்டுவார்கள். சாதாரணக் குளிருக்கு அது போதும். அந்த வருடம் பனி மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கறுத்து, உருகியதும் கூழாகிக் கையில் ஒழுகியது. சாப்பிடுவதும் விதைப்பதும் அதே கிழங்கு என்பதால் இரண்டும் ஒரே வாரத்தில் போயின. வசந்தத்தில் மழை இல்லை. 1741-ல் காய்ச்சலும் ரத்தபேதியும். சுமார் 24 லட்சம் மக்களில் மூன்று லட்சத்துக்கு மேல், நாலே முக்கால் லட்சம் வரைகூட இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஐரிஷ் மொழியில் அதைக் கொலை ஆண்டு என்கிற பொருளில் அழைக்கிறார்கள்.

இங்கிலாந்துக்கும் அதே குளிர்தான். 1659-லிருந்து இருக்கிற வெப்பநிலைத் தொடரிலேயே 1740தான் மிகக் குளிர்ந்த ஆண்டு. அங்கேயும் சாவு கூடியது, ஆனால் அயர்லாந்து மாதிரி இல்லை. அங்கே ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளுக்கு வரிப்பணத்திலிருந்து உதவ வேண்டும் என்ற சட்டம் இருந்தது, அதனால் ஆட்கள் பிச்சையெடுக்க வீதிக்கு வரவில்லை, வீட்டிலேயே இருந்தார்கள். இந்த 'வீட்டிலேயே இருந்தார்கள்' என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பசித்தவன் நடக்க ஆரம்பித்ததும்தான் நோய் நடக்க ஆரம்பிக்கிறது.

பின்லாந்தில் அது கண்ணுக்கு முன்னால் தெரியும். 1867-ல் வசந்தம் வரவே இல்லை, ஜூனிலும் ஏரிகளில் பனிக்கட்டி. விதைத்தது தாமதம், செப்டம்பர் தொடக்கத்திலேயே உறைபனி விழுந்து கதிரைக் கருக்கியது. ஆட்கள் பைன் மரத்தின் உள்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். அப்புறம் குடும்பம் குடும்பமாகப் பனியில் தெற்கே நடந்தார்கள், ஒரே அறையில் இருபது முப்பது பேர் உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தார்கள், துணியைத் துவைக்க வழியில்லை, பேன், அதிலிருந்து டைபஸ் காய்ச்சல். 1868 ஒரே ஆண்டில் மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம் போனது.

பிரான்சின் 1709-ஐயும் சொல்ல வேண்டும். ஜனவரி 5-ஆம் தேதி இரவு திடீரென்று இறங்கிய குளிர், நடுவில் கொஞ்சம் உருகித் திரும்ப உறைந்தது, அதில்தான் மண்ணுக்குள் இருந்த கோதுமையின் வேர் போனது. இரண்டு வருடத்தில் ஆறு லட்சம் பேர் வரை கூடுதலாக இறந்தார்கள். கோதுமை செத்துவிட்டது என்று புரிந்ததும் வசந்தத்தில் வாற்கோதுமையை விதைத்த விவசாயிகள் அந்தக் கோடையில் அறுத்தார்கள். அது இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ.

நம் பக்கத்துக் கடலிலேயே ஒன்று இருக்கிறது. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தபோது ஜாவாவில் ராபிள்ஸ் அதிகாரியாக இருந்தார், சிங்கப்பூருக்கு வருவதற்கு நாலு வருடம் முன்னால். சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்து யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படையையே அனுப்பினார்கள். சாம்பல் விழுந்து நெல்லும் தண்ணீரும் கெட்டு சும்பாவாவிலும் லொம்பொக்கிலும் ஆயிரக்கணக்கானவர்கள் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லை.

ஈசூன் ஆறாம் மாடி:

எரிமலை பற்றி வந்ததால் ஒரு சின்ன சேர்க்கை. 1783 ஜூன் 8-ல் ஐஸ்லாந்தில் லாக்கி என்ற இடத்தில் நிலம் பிளந்து எட்டு மாதம் நெருப்பும் புகையும் கக்கியது. புகையில் இருந்த புளூரின் புல்லில் படிந்து, அதை மேய்ந்த ஆடுகளில் ஐந்தில் நான்கு செத்தன. அவர்களுக்கு ஆடுதான் சாப்பாடு, ஐந்தில் ஒரு மனிதரும் போனார். அந்தப் புகை இங்கிலாந்து வரை போய் வயலில் வேலை செய்தவர்கள் மூச்சு முட்டி விழுந்தார்கள், அந்த வருடம் அங்கேயும் அடக்கம் வழக்கத்தைவிட அதிகம்.

2015 புகைமூட்டத்தில் என் மகளுக்கு மூன்று வயது, இழுப்பு உண்டு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு வைத்து அடைத்து, ஏர்கானைப் போட்டு, மணிக்கொரு தடவை பிஎஸ்ஐ என்கிற காற்று மாசு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிகளை ஒருநாள் மூடினார்கள், முகக்கவசம் கிடைத்தது, பலதுறை மருந்தகத்தில் மருந்து கிடைத்தது. 1783-ல் ஜன்னலுக்குக் கண்ணாடிகூட இல்லாத குடிசையில் அதே புகை வந்தபோது ஒரு தாய் என்ன செய்திருப்பாள் என்று இந்த இழையைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி:

தேக்காவாசி அக்கா, நேற்று இரவுப் பணியில் ஒன்று தோன்றியது. நீங்கள் ஆனியில் யாரும் இல்லை, சித்திரையில் இரண்டே பேர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 31 பேரில் குழந்தைகள் எத்தனை? பொதுவாகப் பச்சைக் குழந்தைகளுக்கு வருடத் திதி கொடுக்கும் வழக்கம் இல்லை, புதைத்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். அப்படியானால் நோட்டில் அவர்கள் பெயர் ஏறியிருக்கவே ஏறியிருக்காது. கல்யாணமாகிப் போன பெண்களும் புகுந்த வீட்டுக் கணக்குக்குப் போயிருப்பார்கள். வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கில் போவது குழந்தைகள்தான் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். உங்கள் நோட்டு வளர்ந்த ஆட்களை மட்டும் எண்ணியிருந்தால் சித்திரை முதல் ஆடி வரை காலியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

எண்ணும் எழுத்தும்:

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மிகச் சரி. இங்கிலாந்திலும் ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைகள் பதிவேட்டில் விடுபட்டிருக்கிறார்கள், அதைச் சரிசெய்வதற்கே ஆய்வாளர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. 31-ல் 17 என்பதை இனி 'பெரியவர்களில் 17' என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா.

தேக்காவாசி:

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு தோ பாயோவில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 86. நீங்கள் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதலில் வருடம். அந்த 17 பேர் பதினொரு வேறு வேறு வருடங்களில் இருக்கிறார்கள். ஒரே ஒரு வருடத்தில் மட்டும் நாலு பேர், கணவர், மனைவி, கணவரின் தம்பி, அவர்களின் தாயார். தை தேய்பிறை சஷ்டியில் தொடங்கி அமாவாசைக்குள் நாலு பேரும். பத்து நாள்கூட இல்லை. இத்தனை வருடம் அந்த நாலு வரியையும் நான் வரிசையாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

குழந்தைகள் யாரும் நோட்டில் இல்லை. அத்தையிடம் கேட்டதற்கு, 'அதையெல்லாம் யாரு எழுதுவா' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன் பாட்டிக்குப் பதினொன்று பிறந்து நாலு தங்கியது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றார். எப்போது, எந்த மாதம் என்று தெரியாது. 'வெய்யக் காலத்துல பிள்ளை பொறந்தா பாட்டி தூங்க மாட்டாளாம், ராத்திரியெல்லாம் விசிறிக்கிட்டே உட்கார்ந்திருப்பாளாம்' என்று மட்டும் சொன்னார்.

திரும்பக் கொடுக்கும்போது அத்தைதான் பின் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். துணி கொஞ்சம் பிரிந்திருந்த இடத்தில் உள்பக்கமாகப் பென்சிலில் மங்கலாக மூன்று வரி. தாத்தாவின் அப்பா கையெழுத்து இல்லை, எழுத்துக்கூட்டி எழுதியது மாதிரி கோணலாக இருக்கிறது, பெண் எழுத்து என்று அத்தை சொல்கிறார். பெயர் எதுவும் இல்லை. 'பெண். சித்திரை. 7 மாதம்.' 'ஆண். ஆனி. 40 நாள்.' 'பெண். ஆனி.' அதற்குமேல் எழுதவில்லை.

இந்த வருடம் கோயிலுக்குக் கொடுக்கிற பட்டியலில் 34 வரி இருக்கும். பெயர் இல்லாமல் வாங்கிக்கொள்வார்களா என்று குருக்களிடம் கேட்க வேண்டும்.